உயர்த்திய பிக்கப்பின் முன்பக்கச் சத்தங்கள்: வாசகர் கேள்வி – பதில்

லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகத் தொகுப்பு) மாட்டிய பிக்கப் வண்டிகளில் முன் சஸ்பென்ஷன் போடும் சத்தம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். எழுதியவர்களில் பலரும் டொயோட்டா ஹைலக்ஸ் அல்லது இசுசு வி-கிராஸ் வைத்திருப்பவர்கள். இரண்டிலும் முன்பக்கம் இரட்டை விஷ்போன்: சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்க மேலே ஓர் ஆர்ம் (அப்பர் ஆர்ம்), கீழே ஓர் ஆர்ம் (லோயர் ஆர்ம்), நடுவே காயில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர். ஆகவே ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கும் பெரும்பாலும் பொருந்தும். வண்டிக்கு அடியில் போய்ச் செய்யும் எந்தச் சோதனைக்கும் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். சேஸிஸுக்கு ஸ்டாண்டும் பின் சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்த பிறகே தலையை உள்ளே நீட்டுங்கள்.

கேள்வி: ஹைலக்ஸில் 2 அங்குல லிஃப்ட் கிட் போட்டேன். வேகத்தடையில் ஏறும்போது சத்தம் இல்லை. முன் சக்கரம் தடையைத் தாண்டி இறங்கும்போது 'டொங்' என்று இரும்பில் அடித்தது போலக் கேட்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: சத்தம் எந்தக் கணத்தில் வருகிறது என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். லிங்க்கைக் கழற்றும் முன் ஒர்க்‌ஷாப்பும் அதைக் கேட்டிருந்தால் உங்கள் பணம் மிச்சமாகியிருக்கும். தடையில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. இறங்கும்போது சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் தொங்குகிறது. அப்போது ஷாக்கின் ராடு முழு நீளத்துக்கு வெளியே வந்து, உள்ளே பிஸ்டன் மேல்மூடியில் போய் முட்டுகிறது. 'டாப் அவுட்' என்று இதைச் சொல்வார்கள். சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட தடையில் இரு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால், இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு அங்கே வேலையே இல்லை. பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கைச் சந்தேகிக்க முகாந்திரமே கிடையாது.

கம்பெனி உயரத்தில் முட்டாதது இப்போது ஏன் முட்டுகிறது? ஷாக்கின் நீளம் பழையதாகவே இருந்து, ஸ்பிரிங் மட்டும் வண்டியை 50 மி.மீ. தூக்கினால், சக்கரம் கீழே இறங்க இருந்த தூரத்தில் அதே 50 மி.மீ. போய்விடுகிறது. ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஸ்பேசர் வைத்தாலும் இதே கதைதான். மேல் மவுன்ட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஸ்பேசர் வைக்கும் மலிவு கிட்டில் கோளாறு வேறு விதம். ஷாக், லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ 50 மி.மீ. உயரம் தரும். தொங்கும் தூரம் குறையாது. ஆனால் சக்கரம் கம்பெனி கணக்குப் போட்டதைவிடக் கீழே போகும். அப்பர் ஆர்ம் ஸ்பிரிங் சுருளில் உரசும், முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட் அளவுக்கு மீறி வளையும். பள்ளத்தில் அமுங்கும்போதோ, பம்ப் ஸ்டாப் (அமுங்கும் எல்லையில் இருக்கும் ரப்பர் தடை) தொடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் அடி வாங்கலாம்.

உறுதி செய்ய ஓர் அளவு டேப் போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நேர்செங்குத்தாக அளந்து குறியுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். பிறகு சேஸிஸில் ஜாக்கி கொடுத்து இரு முன் சக்கரங்களும் தரையை விடும் வரை தூக்கி, மறுபடி அளங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் அந்தச் சக்கரத்தை முழுதாகத் தொங்க விடாது. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களிடம் மிச்சமிருக்கும் தொங்கும் தூரம். அது 40 மி.மீட்டருக்கும் குறைவு என்றால் நம் ஊர் வேகத்தடைகளில் முட்டாமல் ஓட்டுவது கடினம். சக்கரம் தொங்கும் நிலையிலேயே டார்ச் அடித்து, அப்பர் ஆர்மின் உள்விளிம்பையும் ஸ்பிரிங்கின் மேல் சுருள்களையும் பாருங்கள். பெயின்ட் போய் இரும்பு பளபளத்தால் முட்டுவது ஷாக் அல்ல, ஆர்ம்.

தீர்வு, அந்த உயரத்துக்கென்றே நீளம் கூட்டிச் செய்த ஷாக். ஆர்ம் உரசினால், ஸ்பிரிங்குக்கு இடம்விட்டு வளைத்துச் செய்த அப்பர் ஆர்ம். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கிட் விற்பவர்கள் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று வகை ஸ்பிரிங் வைத்திருப்பார்கள்: வெறும் முன்பக்கத்துக்கு ஒன்று, இரும்பு புல் பார் போட்டதற்கு ஒன்று, அதோடு வின்ச்சும் சேர்ந்ததற்கு ஒன்று. கனமான முன்பக்கத்துக்கான ஸ்பிரிங்கைப் புல் பார் இல்லாத வண்டியில் போட்டால் 50 மி.மீ. என்று சொன்ன லிஃப்ட் 65, 70 என்று ஏறி நிற்கும். அப்படியிருந்தால் ஸ்பிரிங்கை மாற்றினாலே சத்தம் போய்விடும்.

கேள்வி: வி-கிராஸ், 40 மி.மீ. லிஃப்ட். வேகத்தடையில் சத்தமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்த சாலையில் 15–20 கி.மீ. வேகத்தில் போனால் 'டக் டக் டக்' என்று விடாமல் கேட்கிறது.
– வாசகர், தேனி

பதில்: பொள்ளாச்சி வாசகருக்கு நேர் எதிர். ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போதுதான் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும். லிங்க்கின் பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) தேய்ந்திருந்தால் அப்போதுதான் பேசும். லிஃப்ட் போட்டபின் பார் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்பதால் லிங்க்கின் கோணமும் மாறிவிடுகிறது; நல்ல லிங்க்கூட விரைவில் தேயும்.

லிங்க்கைக் கையால் ஆட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு; பாரின் இழுவிசை ஆட்டத்தை மறைத்துவிடும். இரு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை எதிலும் படாமல் கம்பியால் கட்டி வைத்து, அதே குழிச் சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் ஊசலாடிப் புதுச் சத்தம் கிளப்பும். லிங்க் இல்லாத வண்டி வளைவில் அதிகம் சாயும் என்பதால் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. சத்தம் நின்றால் குற்றவாளி லிங்க் அல்லது பாரைச் சேஸிஸில் பிடிக்கும் டி-புஷ் என்ற ரப்பர். புது லிங்க் மாட்டும்போது பால் ஸ்டட்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைக் கைஸ்பேனரால் முறுக்குங்கள். இம்பாக்ட் கன் போட்டால் ஸ்டட் கூடவே சுழன்று ரப்பர் உறை கிழியும். ஆறு மாதத்தில் மறுபடி இதே கேள்வி வரும்.

லிங்க்கைக் கழற்றிய பிறகும் சத்தம் இருந்தால் ஷாக்கின் மேல் மவுன்ட்டுக்குப் போங்கள். ஒருவர் முன் மூலையை அழுத்தி ஆட்ட, மற்றவர் மவுன்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் தட்டல் கையில் தெரியும். கிட் மாட்டும்போது நடு நட்டுக்குக் கீழே வரும் வாஷர், ரப்பர், ஸ்லீவ் வரிசை மாறிப்போவது சாதாரணம். ஸ்லீவ் விட்டுப்போனாலும் வாஷர் தலைகீழானாலும் நட்டு இறுகியது போலத்தான் தோன்றும், உள்ளே ஆட்டம் இருக்கும். ஆனால் அந்த நடு நட்டை நீங்களாகக் கழற்ற முனையாதீர்கள். ஸ்பிரிங் முழு விசையோடு அதற்குக் கீழே காத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு, அந்த விசையை நட்டிலிருந்து எடுத்த பிறகே அதைத் தொடலாம்.

மவுன்ட்டைச் சேஸிஸோடு பிடிக்கும் மூன்று நட்டுகள் தளர்ந்திருப்பதும் உண்டு. புது பாகங்களின் பெயின்ட் பூச்சு போகப் போக நசுங்கி, போல்ட்டின் பிடி குறையும். கிட் போட்ட 500 முதல் 1,000 கி.மீட்டருக்குள் கழற்றி மாட்டிய போல்ட் அத்தனையையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை பார்ப்பது இதற்காகத்தான். அளவுகளை வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலிலிருந்து எடுங்கள். வாய்வழி எண்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: வால்பாறைச் சாலையில் அடிக்கடி போகும் வி-கிராஸ். லிஃப்ட் போட்டு நான்கு மாதம். மெதுவாக மேடு பள்ளம் ஏறினால் பழைய மரக்கதவு திறப்பது போல 'கிரீ…ச்' என்று முனகுகிறது. மழை நாளில் சத்தம் வருவதில்லை. கிரீஸ் அடித்தேன், இரண்டு நாள் நின்றது, திரும்ப வந்துவிட்டது.
– வாசகர், ஆனைமலை

பதில்: மழையில் அடங்கி வெயிலில் திரும்பும் முனகல் அநேகமாக, சஸ்பென்ஷன் மூட்டுகளில் மெத்தை போல இருக்கும் ரப்பர் புஷ்ஷிலிருந்தோ பாலியூரித்தேன் புஷ்ஷிலிருந்தோ வருவது. இரண்டும் வேலை செய்யும் முறை வேறு என்பதால் மருந்தும் வேறு.

கம்பெனி ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஒன்று, நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கினால் உட்குழல் சேஸிஸோடு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் அசையும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர்தான் முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கும். ஆக, எந்த நிலையில் போல்ட்டை முறுக்கினோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. லிஃப்ட் கிட் மாட்டும்போது வண்டி லிஃப்டின் மேல், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியே போல்ட்டுகளை இறுக்கிவிட்டு இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மேட்டில் ஏறினால் முறுக்கு எல்லை மீறும். முதலில் முனகும், பிறகு ஓரத்தில் வெடிப்பு விடும், கடைசியில் குழலை விட்டுப் பிரிந்து 'டொக் டொக்' என்று அடிக்கும். லிஃப்ட் போட்ட சில மாதங்களில் வரும் முனகலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பாகம் கெட்டதல்ல, மாட்டிய விதம்.

எந்தப் புஷ் என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் ஸ்பிரே பாட்டில் ஒன்று போதும். பம்பரில் ஒருவர் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, ஸ்டெபிலைசர் டி-புஷ்ஷில் தொடங்கி ஒவ்வொன்றாக நனையுங்கள். ஒன்றை நனைத்து அரை நிமிடம் கேட்ட பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் சேர்த்து நனைத்தால் எது அடங்கியது என்று தெரியாமல் போகும். புஷ்ஷின் வெளிமுகத்தில் உரசும் சத்தத்தைத்தான் தண்ணீர் அடக்கும். ரப்பர் உள்ளே கிழிந்திருந்தால் எவ்வளவு நனைத்தாலும் முனகும். அங்கே ஆர்மின் மேல் விரல் வைத்துத்தான் அதிர்வைப் பிடிக்க வேண்டும்.

சரி செய்யும் முறை: லோயர் ஆர்மின் கேம் போல்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்) நிலையைப் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வண்டி நான்கு சக்கரங்களில் நிற்க, பிட் (அடியில் வேலை பார்க்கும் குழி) மேலே நிறுத்தி, அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம், ஷாக்கின் கீழ் போல்ட் மூன்றையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். வண்டி தானாக உட்காரும் உயரத்தில் மேனுவல் அளவுக்கு முறுக்குங்கள். போல்ட் தளர்ந்த நிலையில் ஓட்டவே கூடாது. இதைச் செய்தால் முன்பக்கம் சில மி.மீ. இறங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள், அந்த உயரத்தை இத்தனை நாள் முறுக்கிய ரப்பர்தான் தாங்கிக்கொண்டிருந்தது. முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கிட்டோடு வந்த அப்பர் ஆர்மில் பாலியூரித்தேன் புஷ் இருந்தால் அது முறுக்குவதில்லை, குழலின் மேல் சுழல்கிறது. உயவு காய்ந்தால் முனகும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு 5,000 கி.மீட்டருக்கும், சேற்றிலும் ஆற்றிலும் இறக்கினால் உடனேயும் கிரீஸ் அடிக்க வேண்டும். இதற்குச் சிலிகான் கிரீஸ். நீங்கள் அடித்தது சாதாரண கிரீஸோ துருநீக்கி ஸ்பிரேயோ என்றால், ரப்பரில் பட்ட இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிக் கெடுக்கும். அந்த இரண்டு நாள் நிம்மதிக்கு அதுதான் விலை.

கேள்வி: பிரேக் அழுத்தினால் ஒரே ஒரு 'டொக்'. அடுத்தடுத்த பிரேக்கில் இல்லை. ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டால் மறுபடி ஒன்று. பிறகு முன்னே போய்ப் போட்டால் மீண்டும்.
– வாசகர், ஓசூர்

பதில்: ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர இடம் வைத்திருக்கிறது. திசை மாறும்போது ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் உட்காருகிறது, அங்கேயே இருந்துவிடுகிறது. இரண்டு இடங்கள்தான் முக்கியம்.

முதலாவது பிரேக் பேட். காலிபர் பிராக்கெட்டில் பேடைப் பிடிக்கும் மெல்லிய தகட்டுக் கிளிப் வளைந்தாலோ விட்டுப்போனாலோ பேட் இப்படித்தான் நகரும். சக்கரத்தைக் கழற்றி, பேடைக் கையால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். இது தொல்லையே தவிர ஆபத்தில்லை.

இரண்டாவது, லோயர் ஆர்மின் கேம் போல்ட். இது ஆபத்து. அலைன்மென்ட் செய்தவர் சரியாக இறுக்காமல் விட்டால் பிரேக் விசையில் ஆர்ம் பின்னே தள்ளப்பட்டு கேம் நழுவும். ஹைலக்ஸில் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்-பின் சாய்வு), கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) இரண்டையும் சரிசெய்வது இந்தக் கேம்கள்தான். லிஃப்ட் போட்ட வண்டியில் குறைந்துபோன காஸ்டரை மீட்பதற்காக அவற்றைக் கடைசி எல்லைவரை திருப்பியிருப்பார்கள். கேமுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று போட்டு, காலியான இடத்தில் நாலைந்து முறை அழுத்திப் பிரேக் போட்டு, திரும்பி வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் அன்றைக்கே அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும், டயரின் ஓரம் மட்டும் தேய்வதும் இதோடு சேர்ந்து வரும்.

கேள்வி: ஹைலக்ஸில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 'டிக் டிக் டிக்'. வலது ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறது. நான் 4 வீலே போடுவதில்லையே?
– வாசகர், நாமக்கல்

பதில்: 4 வீல் (நான்கு சக்கர இயக்கம்) போடாவிட்டாலும் முன் டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுகொண்டேதான் இருக்கும். எஞ்சின் விசை வருவதில்லை, அவ்வளவே. உயர்த்திய வண்டியில் சிவி ஜாயின்ட் எந்நேரமும் சாய்ந்த கோணத்தில் சுழல்கிறது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி மடிப்பின் அடியில் கிழியும். அதுவும் கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால், திருப்பமும் சாய்வும் சேர்ந்து பூட்டுக்கு இரட்டைப் பாடு.

கிரீஸ் தெறித்து, இன்னும் சத்தம் வராத நிலையில் பிடித்திருந்தால் ஜாயின்ட்டைக் கழுவி, மாலிப்டினம் கலந்த சிவி கிரீஸை பூட் கிட்டில் வரும் பொட்டலம் முழுவதும் நிரப்பி, புது பூட் போட்டுத் தப்பித்திருக்கலாம். 'டிக் டிக்' தொடங்கிவிட்டது என்றால் மணலும் நீரும் புகுந்து குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டது. இனி கிரீஸால் ஆகாது. வெளி ஜாயின்ட்டையோ முழு ஷாஃப்ட்டையோ மாற்ற வேண்டும்.

பூட் கிழியாமல் உள்பக்க பூட்டின் சிறிய முனையில் மட்டும் கிரீஸ் கசிவதும் உண்டு. அதற்குப் பழைய கிளாம்ப்பை எடுத்துவிட்டு, காதுவைத்த புது கிளாம்ப் போட்டாலே போதும்.

டிஃபரென்ஷியலை 25 மி.மீ. போல இறக்கும் 'டிஃப் டிராப்' ஸ்பேசர் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோணம் கொஞ்சம் குறையும், பதிலுக்கு நடுவயிற்றின் தரை இடைவெளியும் குறையும், அடிவயிற்றைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டுக்கும் ஸ்பேசர் தேவைப்படும். 50 மி.மீட்டருக்குள் லிஃப்ட் இருந்தால் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அதைத் தாண்டியிருந்தால் முதலில் உயரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மிட்சுபிஷி எல்200 டபிள் கேப். முன்னுக்கு ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார். கராஜில் போல்ட்டை முறுக்கி உயர்த்தித் தந்தார்கள். சின்னக் கிடங்கிலும் 'தட்' எனத் தூக்கி அடிக்கிறது.
– வாசகர், வவுனியா

பதில்: டார்ஷன் பார் என்பது முறுகி நின்று ஸ்பிரிங் வேலை பார்க்கும் இரும்புத் தண்டு. போல்ட்டை முறுக்கியதால் பார் கடினமாவதில்லை; அதன் தொடக்க நிலைதான் மாறுகிறது. உயரம் கூடிய அளவுக்குச் சக்கரம் கீழே போகும் இடம் குறைந்துவிட்டது. வாகனம் தரையில் நிற்கும்போது, அப்பர் ஆர்முக்கும் அதற்குக் கீழே சேஸிஸில் இருக்கும் ரப்பர் தடைக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் ஆர்ம் எப்போதும் ரப்பரில் உட்கார்ந்தே ஓடுகிறது. முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, இரு பக்கப் போல்ட்டையும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுகள் தளர்த்துங்கள். இறக்கி, சில மீட்டர் உருட்டி, உயரத்தை அளந்து, தேவையானால் திரும்பச் செய்யுங்கள். மெல்லிய ரப்பர் தடைகள் தனியாக விற்பனைக்கு உண்டு. அவை இடத்தைக் கொஞ்சம் மீட்டுத் தரும், முழுக்க அல்ல.

கேள்வி: நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பினால் 'கடக்'. ஷாக் மவுன்ட் பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இரட்டை விஷ்போன் உள்ள உங்கள் வண்டியில் அப்படியொரு பேரிங்கே கிடையாது. சின்னக் கார்களில் வரும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுழலும். அதற்கு மேலே பேரிங் வேண்டும். இரட்டை விஷ்போனில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் மட்டும் மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளுக்கு நடுவே திரும்புகிறது. ஷாக் திரும்புவதே இல்லை. கார் வேலை அதிகம் பார்த்த கைகள் பழக்கத்தில் அங்கே போய்விடும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று அளவுக்கு இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் டை ராடு எண்ட், லோயர் பால் ஜாயின்ட், ராக்கின் (ஸ்டீயரிங் திருப்பத்தை டை ராடுக்குக் கடத்தும் பல்தண்டு) மவுன்ட், ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் உள்ள இடத்தில் 'கடக்' விரலுக்குத் தெரியும். ராக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் புஷ் போயிருக்கிறது. அகல டயர் போட்டவர்களுக்கு இது விரைவில் வரும்.

லோயர் பால் ஜாயின்ட்டைத் தனியாகச் சோதியுங்கள். ஸ்பிரிங்கின் சுமை லோயர் ஆர்ம் வழியாக இறங்குவதால் வண்டியின் எடையைத் தாங்குவது அதுதான். ஜாக்கியை லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அருகே கொடுத்து, டயர் தரையை விட்டு ஓரிரு அங்குலம் எழும்பியதும், டயருக்கடியில் சின்னக் கடப்பாரையை விட்டு நெம்புங்கள். ஜாயின்ட்டில் மேல் கீழ் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். இந்த ஜாயின்ட் விட்டுப்போனால் சக்கரம் மடங்கி வெளியே சாய்ந்துவிடும்.

கேள்வி: 265/60 ஆர்18 டயருக்குப் பதில் 285/60 ஆர்18 போட்டேன். முழுக்கத் திருப்பி ரிவர்ஸ் எடுத்தால் 'கரகர'.
– வாசகர், கரூர்

பதில்: விட்டம் 775 மி.மீட்டரிலிருந்து 799 ஆகியிருக்கிறது, அகலம் 20 மி.மீ. கூடியிருக்கிறது. மட் ஃபிளாப்பிலும் உள்ளே பிளாஸ்டிக் லைனரிலும் உரசிய தடம் இருக்கும். ரிவர்ஸில் பிரேக் விசையும் புஷ்ஷின் இளக்கமும் சேர்ந்து சக்கரத்தைக் கொஞ்சம் நகர்த்துவதால் அப்போது மட்டும் படுகிறது. லைனரைப் பின்னே இழுத்துக் கட்டினால் சத்தம் நிற்கும். கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வருகிறது. விபத்து இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் இதைக் கேட்கும். செலவு செய்யும் முன் அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கல்பாதையில் போய் வந்தபின் சக்கரத்திலிருந்து தகரம் கிழிவது போலச் சத்தம்.
– வாசகர், மஸ்கட்

பதில்: பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகட்டு மறைப்பு இருக்கும். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறது. ரிவர்ஸில் சிறிது ஓட்டினால் சில சமயம் தானே விழும். இல்லையேல் சக்கரத்தைக் கழற்றி, தகட்டை விரலால் பின்னே வளைத்து எடுங்கள்.

கேள்வி: 4ஹெச் போட்டுத் தார்ச்சாலையில் திரும்பினால் முன்னால் 'மடார்' என்று அடித்து வண்டி இழுக்கிறது. சஸ்பென்ஷனா?
– வாசகர், ஊட்டி

பதில்: இல்லை. பார்ட் டைம் 4 வீலில் முன், பின் ஆக்சில்கள் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். காய்ந்த தாரில் டயர் வழுக்க வழியில்லாமல் கியர்களில் முறுக்கு ஏறி வெடிக்கிறது. சாலையில் 2ஹெச்சுக்கு (பின் சக்கர இயக்கத்துக்கு) மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஷாக், லிங்க், பால் ஜாயின்ட், அப்பர் ஆர்ம் எல்லாம் மாற்றியாகிவிட்டது. 'லொட லொட' போகவில்லை. இனி எதை மாற்றுவது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: எதையும் மாற்றாதீர்கள். முதலில் சஸ்பென்ஷன் அல்லாதவற்றை ஒதுக்குங்கள். ஸ்கிட் பிளேட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதன் நான்கு போல்ட்டில் ஒன்று தளர்ந்தாலே பால் ஜாயின்ட் போனது போலக் கேட்கும். புல் பார் பிராக்கெட், பேட்டரி தட்டு, பானெட் பூட்டு, கேபினைச் சேஸிஸில் தாங்கும் ரப்பர் மவுன்ட் இவையும் அப்படியே. உயர்த்தியபின் இழுபட்டு நிற்கும் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் பிராக்கெட்டைத் தட்டுவதுண்டு. சக்கரத்தைத் தொங்கவிட்டு இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அவை விறைக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

பிறகு சக்கரம். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக ஆட்டம் இருந்தால் டை ராடு பக்கம். பந்து வெளியே தெரியும் யூனிபால் வகை அப்பர் ஆர்ம் போட்டிருந்தால், புதிதாக இருந்தாலும் விட்டுவைக்க வேண்டாம். தூசியிலும் சேற்றிலும் அவை விரைவில் தேய்ந்து இதே 'லொட லொட' கொடுக்கும்.

அப்படியும் பிடிபடாவிட்டால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாகத்தில் கவ்வவைக்கும் மைக் கருவி சில ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் மாட்டி, ஓட்டிக்கொண்டே மாற்றி மாற்றிக் கேட்கலாம். அது கிடைக்காவிட்டால் குரல் பதிவு போட்ட பழைய கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சுழலும் எதிலிருந்தும் தள்ளி, சேஸிஸில் டேப்பால் ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஒருமுறை இடது, ஒருமுறை வலது. எந்தப் பதிவில் சத்தம் கூர்மையாக இருக்கிறதோ அந்தப் பக்கம். கேபினுக்குள் உட்கார்ந்து கேட்டால் சேஸிஸ் வழியாகச் சத்தம் பரவி, வலது லிங்க் இடது காலடியில் கேட்கும். உங்களுக்கு இத்தனை பாகம் மாற நேர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கழற்றிய பழைய பாகங்களைத் தந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் பாதி நன்றாகவே இருக்கும், ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம்.